வட்டார எழுத்தாளர்களுக்கு ஒரு புகழ்மண்டபம்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர்களுள் ஆண்டுதோறும் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பெயரையும் பணியையும் நிலையாகப் பதிவுசெய்து, மக்கள் அறியச் செய்யும் ஏற்பாட்டையே இலக்கியப் புகழ்மண்டபம் என்கிறோம். மண்டபம் என்றதும் தூண்களும் மார்பளவுச் சிலைகளும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆயினும் பொது நூலகத்தில் ஒரு சுவரும் ஓர் அலமாரியும் கிடைத்துவிட்டால், ஆறேழு பேர் கொண்ட ஒரு வாசகர் குழுவே இதை நடத்திவிட முடியும். கட்டடத்தைப் பற்றி முதலில் பேசத் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றிப் பேசியே ஓய்ந்துபோகின்றன. எனவே, விதிகளை முதலிலும் சுவரைக் கடைசியிலும் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதல் படி: வட்டாரம் எது, அதற்கு உரியவர் யார்

எல்லாச் சச்சரவுகளும் இங்கேதான் முளைக்கின்றன என்பதால் இதற்கு நேரம் ஒதுக்கத் தயங்க வேண்டாம். வட்டாரத்தின் எல்லையை மாவட்டம், ஆற்றுப் படுகை, மலைத்தொடர், பேச்சுவழக்கு என எதைக் கொண்டும் வகுக்கலாம். எதை எடுத்துக்கொண்டாலும் அதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்ததாக, ஒருவர் அந்த வட்டாரத்துக்கு உரியவர் என்பதற்கு என்ன அடையாளம் என்பதை முடிவு செய்ய வேண்டும். பிறந்த ஊர் ஒன்றையே அளவுகோலாக வைப்பது எளிது. ஆனால் அது பெரும்பாலும் தவறான முடிவாகவே அமையும்.

சிகாகோ இலக்கியப் புகழ்மண்டபம் 2010-இல் தன் முதல் அணியாக நெல்சன் ஆல்கிரன், சால் பெல்லோ, குவெண்டலின் புரூக்ஸ், லொரெய்ன் ஹான்ஸ்பெரி, ஸ்டட்ஸ் டெர்க்கெல், ரிச்சர்ட் ரைட் ஆகிய ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தது. இவர்களுள் சிகாகோவிலேயே பிறந்தவர் ஹான்ஸ்பெரி ஒருவர்தான். பெல்லோ கனடாவிலும், ரைட் மிசிசிப்பியிலும், புரூக்ஸ் கான்சாஸிலும், ஆல்கிரன் டெட்ராய்டிலும், டெர்க்கெல் நியூயார்க்கிலும் பிறந்தவர்கள். பிறப்பிடத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த நகரத்தின் எழுத்து என்று உலகம் அறிந்த பெரும்பகுதி வெளியே நின்றிருக்கும். மறுபக்கத்தில் அயர்லாந்து நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இருக்கிறார். 1904-இல் டப்ளினை விட்டுப் புறப்பட்டு வாழ்நாளின் மிகுதியை ட்ரியெஸ்ட்டிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் கழித்த அவர், எழுதியதெல்லாம் டப்ளினைப் பற்றித்தான். வசிப்பிடத்தை மட்டும் பார்க்கும் விதி அவரைத் தவறவிட்டுவிடும்.

ஆகவே பிறப்பு, நெடுங்கால வாழ்க்கை, எழுத்தின் களம் என்னும் மூன்று தொடர்புகளை வைத்துக்கொண்டு, அவற்றுள் ஏதேனும் இரண்டு பொருந்தினால் போதும் என்றோ, எழுத்தின் களம் வலுவாக இருந்தால் அது ஒன்றே போதும் என்றோ விதி வகுக்கலாம். நான் இரண்டாவது ஏற்பாட்டையே விரும்புவேன். ஊரில் பிறந்துவிட்டு ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதவரைவிட, பத்தாண்டு தங்கியிருந்து அந்த மண்ணின் பேச்சை அச்சில் ஏற்றியவர் அந்த ஊருக்கு நெருக்கமானவர்.

இரண்டாம் படி: எழுத்தாளர் என்போர் யாவர், வாழ்பவர் இடம்பெறலாமா

நாவலாசிரியர்களும் கவிஞர்களும் யாரும் சொல்லாமலே பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர், சிறுவர் இலக்கியம் படைத்தவர், நாடகம் எழுதியவர், வட்டார வரலாற்றைத் தொகுத்தவர், சொல்லகராதி தொகுத்தவர், சிற்றிதழ் ஆசிரியர் ஆகியோரை விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் பரிந்துரைப்போருக்கு நினைவு வரும். புத்தகமே வெளியிடாமல் இதழ்களில் மட்டும் எழுதி மறைந்தவர்களும், எழுத்தறியாத பாடகரிடமிருந்து பிறர் எழுதியெடுத்த பாடல்களும் எல்லா வட்டாரங்களிலும் உண்டு. ‘குறைந்தது இரண்டு நூல்கள்’ என்பது போன்ற நிபந்தனையை விதித்தால் இவர்கள் அனைவரும் விடுபட்டுப்போவர். அந்த வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குமானால், எந்தெந்த மொழிகளில் எழுதியோர் தகுதி பெறுவர் என்பதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

உயிருடன் இருப்போரைச் சேர்ப்பதா என்னும் கேள்விக்கு அமைப்புகள் பலவாறு விடை கண்டுள்ளன. 1842-இல் ஜெர்மனியின் பவேரியாவில் திறக்கப்பட்ட வால்ஹல்லா என்னும் புகழ்மண்டபத்தில் ஒருவருக்குச் சிலை வைக்க அவர் இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். நியூயார்க்கில் 1900-இல் தோன்றிய ‘மாபெரும் அமெரிக்கர்களுக்கான புகழ்மண்டபம்’ எழுத்தாளர்களுக்கு மட்டும் உரியதன்று. எனினும் பிற்காலப் புகழ்மண்டபங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. அது தொடக்கத்தில் 10 ஆண்டு என்று வைத்த காத்திருப்பைப் பின்னர் 25 ஆண்டாக உயர்த்தியது. கென்டக்கி எழுத்தாளர் புகழ்மண்டபமோ 2013-இல் மறைந்தவர்களுடன் தொடங்கி, 2015-இல் வெண்டெல் பெர்ரியை உயிருடன் இருக்கும்போதே சேர்த்துக்கொண்டது.

காத்திருப்பு விதியால் ஒரு நன்மை உண்டு: நட்பும் பகையும் பதவியும் அடங்கிய பின் எழுத்து மட்டுமே மிஞ்சி நிற்கும். கெடுதலும் உண்டு: தகுதியுள்ள முதியவர் தம் ஊரின் மதிப்பை அறியாமலேயே போய்விடுவார். முதல் மூன்று ஆண்டுகள் மறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தேர்வு முறை மக்களின் நம்பிக்கையைப் பெற்ற பின், குறிப்பிட்ட வயதைக் கடந்த ஒரு மூத்த எழுத்தாளரை ஆண்டுக்கு ஒருவராகச் சேர்க்கத் தொடங்குவது புதிய குழுவுக்கு ஏற்ற நடுவழி. தொடக்கத்திலேயே வாழ்பவர்களுக்குக் கதவைத் திறந்தால், குழுவின் உழைப்பில் பாதி சமாதானம் பேசுவதிலேயே கழியும்.

மூன்றாம் படி: விதிகளை இரண்டு பக்கத்துக்குள் எழுதுதல்

மேற்கண்ட முடிவுகளோடு, ஆண்டுக்கு எத்தனை பேர், யார் பரிந்துரைக்கலாம், யார் தேர்ந்தெடுப்பார், எத்தனை வாக்கு வேண்டும், தேர்வாகாத பெயர் எத்தனை ஆண்டுகள் பரிசீலனையில் நீடிக்கும் என்பனவற்றையும் சேர்த்து ஓர் ஆவணமாக்கி, எவர் கேட்டாலும் கொடுக்கும்படி வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கையில் கஞ்சத்தனமே நல்லது. முதல் ஆண்டு ஐந்தாறு பேரும், அடுத்த ஆண்டுகளில் இரண்டு மூன்று பேரும் போதும். நியூயார்க் மண்டபம் முதல் தேர்தலிலேயே 29 பேரை ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் எட்கர் ஆலன் போவுக்கு அன்று இடம் கிடைக்கவில்லை, 1910-இல்தான் அவர் தேர்வானார். நிறையப் பேரைச் சேர்த்துவிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

பலர் எழுதத் தயங்கும் விதிகள் இரண்டு உள்ளன. குழு உறுப்பினர் தம் உறவினரையோ, தாம் பதிப்பித்த எழுத்தாளரையோ பற்றிய பேச்சு நடக்கும்போது வெளியேறி இருக்க வேண்டும் என்பது ஒன்று. தேர்வான ஒருவரைப் பின்னாளில் நீக்க நேர்ந்தால் அதை எவ்வளவு பெரும்பான்மையுடன், எத்தகைய விசாரணைக்குப் பின் செய்வது என்பது மற்றொன்று. சிக்கல் எழுந்த பிறகு இவற்றை எழுத முனைந்தால், ஒரு குறிப்பிட்ட ஆளை மனத்தில் வைத்து எழுதியதாகவே எல்லோரும் கருதுவர்.

ஒழுக்கம் பற்றிய நிபந்தனை வேண்டுமா என்பதில் நிதானம் தேவை. கவிஞர் பைரன் 1824-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கை முறையைக் காரணம் காட்டிப் பலமுறை மறுக்கப்பட்டு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் எழுத்தாளர்களை நினைவுகூரும் பகுதியான கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது 1969-இல். 1880-இல் இறந்த நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டுக்கும் அங்கே கல் வைக்க 1980 ஆயிற்று. வால்ஹல்லாவில் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே சிலையாக நுழைய, இறந்தபின் 154 ஆண்டுகள் ஆயின. அந்த மண்டபத்தைக் கேலி செய்து எழுதியவர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். இன்று இந்த மூவரையும் வாசிக்கிற எவரும் அந்தத் தாமதங்களை நிறுவனங்களின் பிழையாகவே பார்க்கிறார்கள். பிறருக்கு இழைத்த கொடுமை வேறு, காலத்துக்கு ஒவ்வாத தனிவாழ்க்கை வேறு என்று பிரித்துப் பார்க்கும் வகையில் விதியின் சொற்கள் அமைந்தால் போதுமானது.

நான்காம் படி: பரிந்துரையும் தேர்வும்

பரிந்துரைப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுத்தாளரின் பெயர், புனைபெயர்கள், வட்டாரத் தொடர்பு, முதன்மையான படைப்புகள், அவற்றுள் எது இப்போது எங்கே படிக்கக் கிடைக்கிறது, பரிந்துரைப்பவர் தாமே படித்துச் சொல்லும் காரணம் ஆகியவை இருந்தால் போதும். கடைசி இரண்டும் முக்கியமானவை. ‘எங்கே படிக்கக் கிடைக்கிறது’ என்னும் கட்டத்தில் வெற்றிடம் விழுந்தால், அந்த எழுத்தாளருக்கு உடனடித் தேவை சிலையன்று, ஒரு மறுபதிப்பு என்பது குழுவுக்குத் தெரிந்துவிடும்.

தேர்வுக் குழுவில் ஐந்து முதல் ஒன்பது பேர் வரை ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கலாம். நூலகர், ஆசிரியர், எழுத்தாளர், பதிப்புத் துறை அறிந்தவர் ஆகியோருடன், எந்தப் பட்டமும் இல்லாத நல்ல வாசகர் இருவரேனும் இருப்பது அவசியம். இவர்கள் ஆண்டுதோறும் முழுமையாக மாறாமல் மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் மாறும்படி அமைத்தால் நினைவும் நீடிக்கும், புதுப்பார்வையும் வரும்.

வாக்கெடுப்பை இரு கட்டங்களாக நடத்துவது நல்லது. முதலில் ஒவ்வொருவரும் தமக்கு ஏற்புடைய பெயர்கள் அனைத்தையும் குறிக்க, பாதிக்கு மேற்பட்டோர் குறித்த பெயர்கள் குறும்பட்டியலாகின்றன. பின்னர் ஒரு மாத இடைவெளியில் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் படைப்பிலும் குறைந்தது ஐம்பது பக்கத்தை எல்லா உறுப்பினர்களும் வாசித்துவிட்டு, மூன்றில் இரு பங்கு வாக்குடன் முடிவெடுக்கிறார்கள். வாசிப்பைக் கட்டாயமாக்கும் இந்த இடைவெளி இல்லையென்றால் வாக்குகள் பெயரின் புகழுக்கு விழுமே தவிர எழுத்துக்கு விழா. ஆண்டுக்கு ஓர் இடத்தையாவது, மறக்கப்பட்ட ஒருவருக்கென ஒதுக்கிவைப்பதும் நல்ல வழக்கம். இல்லையேல் பாடநூலில் உள்ள பெயர்களே மண்டபத்திலும் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: கோப்பு தயாரித்தல்

தேர்வானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறக்க வேண்டும். இந்த வேலைக்கு விருந்தினர் வரமாட்டார்கள், புகைப்படக்காரரும் வரமாட்டார். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடி வரப்போவது இந்தக் கோப்பைத்தான். பிறந்த நாள், இறந்த நாள், பெயரின் சரியான வடிவம், நூல்களின் முதற்பதிப்பு ஆண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்றுகளுடன் பதிய வேண்டும். முதற்பதிப்பின் தலைப்புப் பக்கம், நூலகப் பட்டியல், பள்ளிப் பதிவேடு, அக்கால இதழ்களில் வந்த இரங்கல் குறிப்பு, கடித உறைகளில் உள்ள அஞ்சல் முத்திரை ஆகியவை நம்பத்தக்கவை. குடும்பத்தாரின் நினைவு மதிப்புமிக்கது என்றாலும், ஆண்டுகளைப் பொறுத்தவரை அதைத் தனியே நம்பக்கூடாது. பின்னாளில் வந்த தொகைநூல்களின் முன்னுரைகள் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், மூன்று முன்னுரைகள் ஒரே ஆண்டைச் சொன்னாலும் அவற்றை ஒரே சான்றாகவே எண்ணுவது பாதுகாப்பானது.

பெயரை எழுதும் விதத்தில் தனிக் கவனம் வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆங்கில நாவலாசிரியர்களான பிராண்டே சகோதரிகள் மூவருக்கும் 1939-இல் வைக்கப்பட்ட நினைவுப் பலகையில், அவர்கள் குடும்பப் பெயரின் கடைசி எழுத்தின்மேல் வரவேண்டிய இரு புள்ளிகள் விடுபட்டுப்போயின. கல்லில் அந்தப் புள்ளிகள் சேர்க்கப்பட்டது 2024-இல். இடையில் 85 ஆண்டுகள். கல்வெட்டுக்கோ அச்சுக்கோ அனுப்புமுன், அந்த எழுத்தாளர் தம் பெயரைத் தாமே எப்படி ஒப்பமிட்டார், எப்படி அச்சிட அனுமதித்தார் என்று பார்த்து, தலைப்பெழுத்து, ஒற்று, புள்ளி உட்பட அனைத்தையும் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

ஆறாம் படி: உரிமையும் அனுமதியும்

படைப்பிலிருந்து ஒரு பகுதியைச் சுவரில் எழுதவோ ஒலிப்பதிவு செய்யவோ பதிப்புரிமை பற்றிய தெளிவு வேண்டும். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1886-இன் பெர்ன் உடன்படிக்கை, பின்னர் திருத்தப்பட்ட வடிவில், எழுத்தாளரின் வாழ்நாளுடன் 50 ஆண்டுகளைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டு. அந்தக் காலம் முடியவில்லையெனில் வாரிசுதாரரிடமோ பதிப்பாளரிடமோ எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். புகைப்படத்துக்கு உரிமை பொதுவாக அதை எடுத்தவரிடம் இருக்கும், படத்தில் இருப்பவரிடம் அன்று. குடும்பத்தார் ‘தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது அன்பின் சொல்லாக இருக்கலாம், சட்டப்படி அது போதாமலும் இருக்கலாம்.

ஏழாம் படி: சுவரும் அலமாரியும்

இப்போதுதான் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். புதிதாக ஒரு கட்டடம் தேடுவதைவிட, ஏற்கெனவே பூட்டும் காவலும் வாசகர் வரத்தும் உள்ள ஒரு நூலகத்தை அணுகுவதே சிறந்தது. ஜார்ஜியா எழுத்தாளர் புகழ்மண்டபத்தை 2000-இல் தொடங்கி நடத்திவருவது ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகமே. சிலைகளைப் பொறுத்தவரை, நியூயார்க் மண்டபத்தின் கதை போதுமான எச்சரிக்கை: அங்கே தேர்வானவர்கள் 102 பேர், வார்க்கப்பட்ட சிலைகள் 98. கடைசித் தேர்தல் 1976-இல் நடந்தது. பின்னர் பணமும் ஆர்வமும் வற்றின. உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழப் பணம் கொடுத்த ஆண்ட்ரூ கார்னகிக்கே அங்கே சிலை இல்லை.

பொதுமக்களின் பணத்தால் பெரிய நினைவிடங்கள் எழுந்ததும் உண்டு. எட்டயபுரத்தில் பாரதியாருக்கான மணிமண்டபத்தைக் கல்கி முன்னின்று, வாசகர்களிடம் நன்கொடை திரட்டி 1947-இல் நிறைவேற்றினார். அதற்கு ஒரு பெரும் இதழின் குரல் துணையாக இருந்தது. அத்தகைய குரல் இல்லாத குழு, ஒவ்வோர் ஆண்டும் தன்னால் எளிதில் செலவிட முடிந்த தொகைக்குள் அடங்கும் வடிவத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும்: ஒருவருக்கு ஒரு பலகை, ஒரு புகைப்படம், அதன்கீழ் அவருடைய நூல்கள்.

பலகையின் வாசகம் எழுபது எண்பது சொற்களுக்கு மேல் போனால் நின்று படிப்பவர் குறைவர். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது பெரியவர்களின் கண்ணுக்கு ஏற்றது. சக்கர நாற்காலியில் வருவோரையும் சிறுவர்களையும் எண்ணி இன்னும் சற்று இறக்கலாம். வாசகத்தில் புகழ்மொழிகளைத் தவிர்த்துச் செய்திகளைச் சொல்ல வேண்டும். ‘தம் ஒப்பற்ற எழுத்தாற்றலால் இம்மண்ணுக்குப் பெருமை சேர்த்தவர்’ என்னும் வரியை யார் பெயருக்குக் கீழேயும் ஒட்டிவிடலாம். ‘பகலில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், வீணான அச்சுத்தாள்களின் பின்பக்கத்தில் இரவில் கதை எழுதினார், உப்பளத் தொழிலாளரின் பேச்சை உரையாடலில் முதலில் கொண்டுவந்தார்’ என்றால் அது ஒருவருக்கு மட்டுமே பொருந்தும், படிப்பவரையும் அலமாரியை நோக்கித் திருப்பும். அதன்பின் அவருடைய எழுத்திலிருந்தே மூன்று நான்கு வரிகளை, உரிய அனுமதியுடன், சற்றுப் பெரிய எழுத்தில் தரலாம்.

கையெழுத்துப் படிகளின் மூலத்தைக் காட்சிக்கு வைக்காமல் நல்ல நகலை வைப்பதே முறை. மூலத்தை வைத்தே ஆக வேண்டுமென்றால், வெயில் படாத இடத்தில், 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவைத் தாண்டாத மங்கிய ஒளியில், சில மாதங்களுக்கு மட்டும் வைத்து, பின் அமிலமற்ற உறையில் இட்டுப் பாதுகாக்க வேண்டும். ஊசி, பசை, ஒட்டுநாடா எதுவும் மூலத்தைத் தொடக்கூடாது.

அலமாரியில் உள்ள நூல்களைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்க வேண்டாம். ஒவ்வொரு நூலிலும் இரு பிரதிகள் வாங்கி, ஒன்றை அங்கேயே படிக்கவும் மற்றொன்றை இரவல் எடுக்கவும் விட்டால்தான், பலகையைப் படித்து எழுந்த ஆவல் நூலைத் திறக்கும்வரை உயிரோடிருக்கும்.

எட்டாம் படி: சேர்ப்பு விழா

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழா நடத்தத் தெரியாதவர் நம்மில் குறைவு. ஒரு வேண்டுகோள் மட்டும்: மேடை நேரத்தில் பாதியையாவது தேர்வானவரின் எழுத்தை வாசிப்பதற்குக் கொடுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிட வாசிப்பு, ஐந்து நிமிட அறிமுகம், குடும்பத்தாரோ மாணவரோ பேச ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஐந்து பேரை இரண்டு மணி நேரத்துக்குள் முறையாகக் கொண்டாடிவிடலாம். வாசிப்பவர் பகுதியை முன்கூட்டியே பெற்றுப் பயிற்சி செய்திருக்க வேண்டும். வட்டார வழக்கில் அமைந்த உரையாடலை அந்த வழக்கு பேசும் ஒருவரே வாசிப்பது நலம். சிறப்பு விருந்தினர் பட்டியல் நீள நீள இந்தக் கணக்கு குலையும் என்பதை அனுபவமுள்ளோர் அறிவர்.

ஒன்பதாம் படி: மறு ஆண்டு முதல்

டப்ளின் எழுத்தாளர் அருங்காட்சியகம் 1991-இல் திறக்கப்பட்டு, 2020-இல் மூடப்பட்ட பின் மீண்டும் திறக்கவேயில்லை. இலக்கியத்துக்குப் பெயர்பெற்ற ஒரு தலைநகரத்திலேயே இப்படி நேர்கிறது. ஆகவே சிறிய அமைப்பு தன் தொடர்ச்சிக்கான வேலைகளை நாட்காட்டியிலேயே குறித்துவைக்க வேண்டும். பரிந்துரைக்கு இரண்டு மாதம், குறும்பட்டியலுக்கும் வாசிப்புக்கும் இரண்டு மாதம், கோப்புக்கும் அனுமதிக்கும் மூன்று மாதம், பலகைக்கும் விழாவுக்கும் இரண்டு மாதம் என்று வைத்தால், எஞ்சும் மூன்று மாதம் பழைய பலகைகளைத் துடைத்துப் புதுப்பிக்கவும், தொலைந்த நூல்களை மீண்டும் வாங்கவும், பள்ளிகளில் வாசிப்புக் கூட்டம் நடத்தவும் பயன்படும்.

கோப்புகளின் மின்படிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிப்பதுடன், தேர்வாகாத பெயர்களின் படிவங்களையும் தூக்கியெறியாமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புதிய குழுவும் பொறுப்பேற்றதும் செய்யவேண்டிய முதல் வேலை, அந்தப் பழைய படிவங்களை எடுத்து, அவற்றில் குறிப்பிடப்பட்ட நூல்களுள் எவை இதற்கிடையில் மறுபதிப்பு கண்டுள்ளன என்று பார்த்து, அந்தப் பெயர்களை மறுபடி பரிசீலனைக்குக் கொண்டுவருவதாகும்.